பால்பல் சொத்தை: தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் இருந்தால் விட்டுவிடலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் கிராமம் எங்களுக்கு. மகளுக்கு மூன்றரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் பழுப்பாகி, அரிக்கத் தொடங்கியிருக்கின்றன. வலி என்று சொல்வதில்லை. ராத்திரி புட்டிப்பால் குடித்தபடியே தூங்கிவிடுவாள். சர்க்கரை கெடுதல் என்று பனங்கற்கண்டுதான் போடுகிறோம். அங்கன்வாடிக்கு வந்த டாக்டர் பல் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். என் மாமியாரோ, "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்குச் செலவு? இந்தத் தெருவுல எந்தப் பிள்ளைக்குப் பூச்சிப்பல் இல்ல?" என்கிறார். இது எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதானா? வைத்தியம் அவசியமா?

பதில்: தெருவைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னது ஏறக்குறைய சரி. உலகக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, பால்பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகம் முழுக்கச் சுமார் 51 கோடி. இதில் கவனிக்க வேண்டியது, அது சிகிச்சை பெறாத சொத்தையின் கணக்கு. அடைத்துச் சரிசெய்த பற்கள் அதில் சேரவில்லை. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தை இருப்பதாகவே சொல்கிறார்கள். நாட்டுக்கு நாடு இந்த விகிதம் வெகுவாக மாறும். பல்லில் குழி விழுந்தால்தான் சொத்தை என்று எண்ணுகிறவர்கள் உண்டு, குழிக்கு முன்பு தோன்றும் வெள்ளைத் திட்டையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு. எண்கள் முன்பின்னாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, பரவலான நோய்தான். ஆனால் மறு பாதிப் பிள்ளைகளுக்கு அது வரவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. பல் முளைத்தால் சொத்தை வந்தே தீரும் என்ற விதி எதுவும் கிடையாது.

இப்போது "விழப்போகிற பல்" என்ற வாதம். உங்கள் மகளின் முன்பற்கள் விழ ஆறேழு வயதாகும். கடைவாய்ப் பால்பற்கள் விழப் பத்து முதல் பன்னிரண்டு வயது. இன்றைய நிலவரப்படி இன்னும் ஏழெட்டு வருஷம் அந்தப் பற்களால்தான் அவள் சோறு மெல்ல வேண்டும். முன்பல்லில் தொடங்கிய சொத்தை கடைவாய்க்குப் போக அதிக காலம் எடுக்காது. பால்பல்லின் மேல்பூச்சு நிலைப்பல்லைவிட மெலிது, உள்ளே நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. சீழ் வைத்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் மேல்பூச்சே குறைபட்டு வரக்கூடும். கடைவாய்ப் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். வலி என்று அவள் சொல்லாததை நம்பி இருக்கவும் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தை பல் வலிக்கிறது என்று பெரும்பாலும் சொல்லாது; ஒரு பக்கமாகவே மெல்லும், சோற்றை வாயிலேயே அடக்கிவைத்துக்கொள்ளும், ராத்திரி காரணமில்லாமல் எழுந்து அழும்.

பூச்சிப்பல் என்கிறோமே தவிர, பூச்சி எதுவும் கிடையாது. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் புழு எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் குழந்தையை அவரிடம் காட்டாதீர்கள், வாய் வெந்துபோகும். வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். நாம் தின்னும் இனிப்பைத் தின்று அவை அமிலம் விடும். அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். உமிழ்நீர் அதைக் கழுவிச் சமன்படுத்த அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பிள்ளையின் மேல் முன்பற்கள் விடிய விடியப் பாலில் ஊறுகின்றன. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும். உங்கள் மகளுக்கு மேல்வரிசை மட்டும் அரித்திருப்பதிலிருந்தே புட்டிதான் முதல் காரணம் என்று ஊகிக்கலாம்.

பனங்கற்கண்டு விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், எல்லாமே அந்தக் கிருமிக்கு ஒன்றுதான். இருமல் சிரப்பும் இனிப்புதான்.

எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் பிள்ளை அப்பாயியிடம் இருக்கும். அழும்போதெல்லாம் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பிரியும், மத்தியானம் டீயில் பொறை தோயும். அப்பாயியைக் குறைசொல்லி என்ன பயன்? வேறு என்ன கொடுப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இனிப்பு கொடுத்தே ஆக வேண்டுமானால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையாகக் கொடுங்கள். இடையில் பசித்தால் வேர்க்கடலைச் சுண்டல், வெள்ளரித் துண்டு, வெறும் இட்லி கொடுக்கலாம். கடலையை நன்றாக மசித்துக் கொடுங்கள், முழுக்கடலை இந்த வயதில் புரையேறும். பல்லில் ஒட்டிக்கொள்ளும் கடலைமிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் பண்டிகைக்கு இருக்கட்டும்.

புட்டியை ஒரே நாளில் நிறுத்தினால் வீடே தூங்காது. முதலில் இனிப்பை நிறுத்துங்கள். பிறகு இரண்டு வாரத்தில் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். பாலை டம்ளரில், படுப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டுப் பல் துலக்கிவிடுங்கள். அதன்பின் தண்ணீர் மட்டும்.

துலக்குவது உங்கள் வேலை, அவளுடையது இல்லை. ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள் துலக்கிவிட வேண்டும். மடியில் படுக்கவைத்து மேல் உதட்டைத் தூக்கிப் பிடித்தால் எல்லாப் பல்லும் தெரியும். உமிக்கரி, செங்கல்பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்து எடுக்கும், பல்லை உறுதியாக்கும் புளோரைடும் அவற்றில் இல்லை. பேஸ்ட் வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். புளோரைடு 1000 பிபிஎம் அளவில் இருக்க வேண்டும்; குழந்தைகள் பேஸ்ட் என்று விற்கும் சிலவற்றில் புளோரைடே இருக்காது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. துலக்கியபின் துப்பச் சொல்லுங்கள். கொப்பளிக்க வேண்டியதில்லை, கொஞ்சம் புளோரைடு பல்லில் தங்கட்டும்.

இனி வைத்தியம். ஈறோரத்தில் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைத் திட்டு மட்டும் இருக்கும் கட்டத்தில் பல் மருத்துவர் பூசும் புளோரைடு வார்னிஷும் ஒழுங்கான துலக்கலுமே அதைத் திருப்பிவிட முடியும். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்றே தோன்றுகிறது. வலியில்லாமல், நரம்புவரை போகாமல் இருந்தால் துளையிடாமலே சொத்தையை நிறுத்த ஒரு மருந்து உண்டு: சில்வர் டயமைன் புளோரைடு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். முன்பல் என்பதால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். குழி விழுந்திருந்தால் அடைக்கலாம். நரம்பு கெட்டிருந்தால் வேர் சிகிச்சையோ, பிடுங்குவதோ. முன்பல்லைப் பிடுங்கினால் அழகு கெடும், ஆனால் கடைவாய்ப் பல்லைப் போல இடப்பிரச்சினை அவ்வளவாக வராது.

கன்னம் வீங்கினாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் கிளம்பினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அன்றே காட்ட வேண்டும். மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் வீக்கம் வற்றலாம். காரணம் பல்லுக்குள்ளேயே இருக்கும், திரும்ப வரும். கிராம்பு எண்ணெயைச் சின்னப் பிள்ளை வாயில் வைக்காதீர்கள்.

அங்கன்வாடியில் பார்த்தவர்கள் பிள்ளைகளைப் பரிசோதிக்க அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் குழுவாக இருக்கலாம். பல் நோயும் அவர்கள் பட்டியலில் உண்டு. சீட்டு கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். பெரிய வேலை என்றால் சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

போகும்போது அவள் குடிக்கும் சிரப், டானிக் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள். இரும்புச்சத்து சிரப் குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்மேல் கறுப்புக் கறை படியும். அது சுத்தம் செய்தால் போய்விடும், சொத்தை இல்லை. உங்கள் மகளுக்கு அரித்தும் இருப்பதால் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.