லிஸ்ற்றில் நூறாவது ஆள் எப்படி எனக்கு முன்னால் போனான்? யூனியன் வேலைக்கு அனுப்பும் முறை பற்றிக் கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாக ரொறன்ரோப் பகுதியில் மின்சார வேலை செய்கிறேன். எங்கள் யூனியன் ஆட்களை வேலைக்கு அனுப்பும் விதிகளைத் திருத்த ஒரு குழு போட்டபோது மூன்று வருடம் அதில் இருந்து எல்லாப் பக்கமும் ஏச்சு வாங்கினேன், அந்த உரிமையில் பதில் சொல்கிறேன். எந்த யூனியன் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அதே ஹோலுக்குத்தான், அதாவது ஆட்களை வேலைக்கு அனுப்பும் யூனியன் அலுவலகத்துக்குத்தான், போகவேண்டும். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம்: யூனியன் கட்டட வேலைகளில் பெரும்பாலும் ஒப்பந்தகாரர் தானாக ஆள் பிடிப்பதில்லை. "திங்கட்கிழமைக்கு ஆறு பேர் வேண்டும்" என்று யூனியன் ஹோலுக்குச் சொல்வார், வேலையில்லாமல் இருப்பவர்களின் லிஸ்ற்றிலிருந்து ஹோல் அனுப்பும்.

கேள்வி: அண்ணை, லிஸ்ற் என்றால் மேலே இருப்பவர் முதலில் போகவேண்டும், அவ்வளவுதானே? இதில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

எது 'மேலே' என்பதில்தான் சண்டையே. எங்களிடம் வேலை நின்ற திகதிப்படிதான் வரிசை இருந்தது. பதினொரு மாதம் உழைத்துவிட்டு வந்தவரும் அடியில் போய் நிற்பார், மூன்று கிழமை உழைத்துவிட்டு வந்தவரும் அடியில்தான் நிற்பார். இரண்டு பேருக்கும் ஒரே காத்திருப்பு, ஆனால் வீட்டு அடுப்பு ஒரே மாதிரி எரியுமா? 

இன்னொரு வழி, குறைந்த மணித்தியாலம் உழைத்தவரை முதலில் அனுப்புவது. அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் இப்படித்தான் செய்தார்கள், அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. அதுவரை சான் பிரான்சிஸ்கோவில் விடியற்காலையில் கூட்டமாக நிற்கவேண்டும், மேற்பார்வையாளர் விரல் நீட்டுகிறவனுக்குத்தான் அன்றைக்கு வேலை, கையில் ஏதாவது வைத்தால் விரல் உங்கள் பக்கம் திரும்பும். 1934 மே 9ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கி 83 நாள் நடந்தது, ஜூலை 5ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அந்த ஒக்டோபரில் வந்த தீர்ப்பில், ஹோலை இரு தரப்பும் சேர்ந்து நடத்தலாம், ஆனால் ஆள் அனுப்புகிறவரைத் தெரிவுசெய்வது யூனியன் என்று ஆனது. அந்தக் கடைசிப் பாதி வரிக்காகத்தான் அவ்வளவு பாடும்.

எங்கள் குழுவில் மணித்தியாலக் கணக்கை நான் ஆதரித்தேன், தோற்றேன். நிறைய உழைக்கிறவனுக்கு இது தண்டனை என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

கேள்வி: நான் லிஸ்ற்றில் 14ஆவது. 100க்குப் பின்னால் நின்ற ஒருவர் போன கிழமை நல்ல சைற்றுக்குப் போய்விட்டார். இது களவு இல்லையா?

பெரும்பாலும் களவு இல்லை, பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். ஒப்பந்தகாரர் "எனக்கு இன்னார்தான் வேண்டும்" என்று கேட்கலாம், அதற்கு ஒரு விகிதம் இருக்கும், இத்தனை பேர் பெயர் சொல்லி, இத்தனை பேர் லிஸ்ற்றிலிருந்து என்று. அவர் பக்கத்திலும் காரணம் உண்டு. தீ எச்சரிக்கை மணி வேலையோ உயர் மின்னழுத்த வேலையோ தெரிந்தவரைத்தான் அவர் தேடுவார். 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ அரசு சட்டத்தைத் திருத்தி ஒப்பந்தகாரருக்கு இந்த வசதியை இன்னும் அகலமாக்கியது.

மூன்று வருடத்தில் பாதி எங்களுக்கு இதிலேயே போனது. வரிசையைத் திகதிப்படி வைப்பதா மணித்தியாலப்படி வைப்பதா என்று நாங்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருக்க, ஒருநாள் ஒருவர் கடைசி ஆறு மாதப் பதிவுகளை எண்ணிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் பெயர் சொல்லிப் போனவர்கள். மிச்சத்துக்கு எந்த வரிசை வைத்து என்ன?

ஆனால் ஒன்று, இந்த விகிதம் யூனியனும் ஒப்பந்தகாரர்களும் சேர்ந்து போடும் கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பது. பெரிய கட்டட வேலைகளுக்கு மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் 30இல் முடியும், கடைசியாக முடிந்தது 2025இல். அதை ஹோலில் கைதூக்கி மாற்றமுடியாது. எத்தனை தரம் வேலையை மறுத்தால் இடம் போகும், எத்தனை நாளுக்கு ஒருமுறை லிஸ்ற்றில் கையெழுத்து வைக்கவேண்டும், குறுகிய வேலைக்குப் போனால் இடம் நிற்குமா என்பவை எங்களிடம் ஹோலின் சொந்த விதிகள், கூட்டத்தில் மாற்றலாம். உங்கள் குறை எந்த வகை என்று முதலில் பாருங்கள். பிழையான கதவில் தட்டித் தட்டியே பலர் களைத்துப்போகிறார்கள்.

கேள்வி: கொம்பியூட்டருக்கு மாற்றிய பிறகு என் இடம் 40இலிருந்து 71க்குப் போய்விட்டது. யாரிடம் கேட்பது?

ஆள் அனுப்புகிறவரிடம், எழுத்தில். பழைய கையெழுத்துத் துண்டு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

இதில் என் பிழையும் ஒன்று உண்டு. மாற்றுவதற்கு முன் பழைய லிஸ்ற்றைச் சுவரில் ஒட்டி, ஆட்சேபிக்க இரண்டு கிழமை கொடுத்தோம், நல்ல வேலை செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்த இரண்டு கிழமையும் குறுகிய வேலையில் வெளியூரில் நின்றவர்கள் சுவரை எப்படிப் பார்ப்பார்கள்? பன்னிரண்டு பேரின் இடம் பிசகியது, சரிசெய்ய இரண்டு மாதம் எடுத்தது. அடுத்த முறை ஒவ்வொருவருக்கும் அவரவர் இலக்கத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிட்டுத்தான் பழையதை மூடவேண்டும்.

கேள்வி: காலை ஆறு மணிக்கு வந்த அழைப்பை எடுக்கவில்லை. அதை 'மறுப்பு' என்று போட்டுவிட்டார்கள்.

எடுக்காததும் மறுத்ததும் ஒன்றல்ல, எங்கள் புதிய விதியில் இரண்டையும் பிரித்துவிட்டோம். உங்கள் ஹோலின் விதி எழுத்தில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்தில் இல்லை என்றால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழும்பி நிற்கவேண்டிய விடயம் அதுதான்.

கேள்வி: நான் பெண், மூன்றாம் வருடப் பயிலுநர். பிள்ளை பிறந்து ஒரு வருடம் கழித்து வந்தால் லிஸ்ற்றின் அடியில்தானா?

தங்கச்சி, இது யூனியனின் தயவு இல்லை. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் யூனியன்களையும் கட்டுப்படுத்தும், கர்ப்பத்தைக் காரணமாக வைத்து உங்களைப் பின்தள்ளமுடியாது. எங்களிடம் இடத்தை அப்படியே நிறுத்திவைக்கும் வழி கொண்டுவந்தோம், காயப்பட்டவர்களுக்கும் அதேதான். பயிலுநர்களுக்குப் பெரும்பாலும் தனி லிஸ்ற், அதனால் பயிற்சி அலுவலகத்துக்கும் அறிவியுங்கள், போவதற்கு முன்னமே.

கேள்வி: உண்மையாகவே அநியாயம் நடந்தால்?

ஒன்ராறியோ தொழில் உறவுகள் சட்டத்தின் 75ஆம் பிரிவு. கூட்டு ஒப்பந்தப்படி ஆட்களை வேலைக்கு அனுப்பும் யூனியன் தன்னிச்சையாகவோ பாரபட்சமாகவோ கெட்ட நோக்கத்தோடோ நடக்கக்கூடாது என்கிறது அது. தொழில் உறவுகள் சபைக்கு நீங்களே மனுப் போடலாம். ஆனால் ஒரு நாள் நடந்த கைத்தவறு அங்கே நிற்காது. விதி இருந்தும் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடத்தினார்கள் என்று காட்டவேண்டும், அதற்குத் திகதியும் இலக்கமும் வேண்டும். ஒரு சின்னக் கொப்பியில் ஒவ்வொரு கிழமையும் உங்கள் இலக்கத்தை எழுதிவையுங்கள். ஆறப்போடவும் வேண்டாம், வருடக்கணக்கில் விட்டுவிட்டுப் போனால் ஏன் இவ்வளவு நாள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து கேட்கிறேன் சார், நம்ம ஊரில் இப்படி உண்டா?

துறைமுகத்தில் இருந்தது. 1948இல் வந்த துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், பதிவுசெய்த தொழிலாளர்களை முறைவைத்து வேலைக்கு அனுப்ப வாரியங்கள் அமைத்தார்கள், சென்னையிலும் ஒன்று. ஆனால் அங்கே அனுப்பியது யூனியன் இல்லை, அரசும் முதலாளிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்த வாரியம். கோபம் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதில் அது பெரிய வித்தியாசம் சார்.

கேள்வி: முறைப்பாடு போட்டால் பிறகு வேலையே தரமாட்டார்கள் என்று பயம், அண்ணை.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது தம்பி, அதனால்தான் தனியாகப் போகாதே என்கிறேன். அதே குறை உள்ள நாலு பேரைச் சேர்த்து, அனுப்பிய பதிவுகளை மாதம் ஒருமுறை ஹோலில் ஒட்டவேண்டும் என்று ஒரு பிரேரணை கொண்டுபோ. யாரையும் குற்றம் சாட்டாத பிரேரணை, எதிர்த்துக் கைதூக்குவது எவருக்கும் கஷ்டம். எங்களிடம் ஒரே கூட்டத்தில் நிறைவேறியது அது ஒன்றுதான்.

சரி, விடிய ஐந்தரைக்கு எனக்கு சைற். மிச்சக் கேள்விகளுக்குச் சனிக்கிழமை வருகிறேன்.