லினக்ஸ் பேக்கப்: காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் டெபியன் லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. டிசைன் கோப்புகளும், பில் போடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அதில்தான். தினமும் இரவு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி போகிறது. சர்வீஸ் செய்பவர், காசு கொடுத்து பேக்கப் மென்பொருள் வாங்கச் சொல்கிறார். நண்பரோ டம்ப் என்ற பழைய பேக்கப் கருவியே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மென்பொருள் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு டிஸ்க் வாங்கி, வீட்டில் வையுங்கள்.

உங்கள் நண்பர் சும்மா சொல்லவில்லை. 1991ல் எலிசபெத் ஸ்விக்கி என்ற சிஸ்டம் நிர்வாகி, யூனிக்ஸ் (லினக்ஸுக்கு முன்னோடி) பேக்கப் கருவிகளைப் படாதபாடு படுத்திப் பார்த்தார். மிக நீளமான பெயர்கள், பெயருக்குள் விநோத எழுத்துகள், படிக்கும்போதே மாறும் கோப்புகள் என்று எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்ததில் முன்னால் நின்றது டம்ப்தான். ஆனால் 2001ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, லினக்ஸில் அதை நம்பாதீர்கள் என்றார். டம்ப் டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இன்னும் மெமரியிலேயே வைத்திருக்கும் மாற்றங்கள் அதற்குத் தெரியாமல் போகலாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நிலை) எடுத்து அதிலிருந்து டம்ப் செய்யலாம், அங்கே அது சரி.

ஆர்சிங்க் நல்ல கருவிதான். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது நேற்று இரவின் நிலை மட்டும். யாராவது ஒரு டிசைனைக் கெடுத்து சேவ் செய்தால், ராத்திரியே நல்ல காப்பியின் மேல் கெட்டது ஏறிவிடும். டெலிட் ஆப்ஷனும் போட்டிருந்தால், தவறி அழித்தது காப்பியிலும் போய்விடும்.

அதனால் போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவிக்கு மாறுங்கள். இரண்டும் இலவசம். பல நாள் நிலைகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும், திரும்பத் திரும்ப வரும் தரவை ஒரே முறைதான் சேமிக்கும், என்கிரிப்ஷனும் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) உண்டு. பின்னால் கிளவுடுக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் ரெஸ்டிக். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தொலைத்தால் மீட்கவே வழியில்லை.

டேட்டாபேஸ் தனிக்கதை. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் கோப்புகளை அப்படியே காப்பி எடுத்தால் அதை நம்பித் திறக்க முடியாது. முதலில் போஸ்ட்கிரெஸின் சொந்தக் கருவியான பிஜி-டம்ப் ஓடட்டும் (பெயரில்தான் டம்ப், இது வேறு), அது எழுதும் கோப்பு பேக்கப்புக்குப் போகட்டும்.

போர்க், ரெஸ்டிக் இரண்டிலும் 'செக்' கட்டளை இருக்கிறது. சேமித்தது கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும். டேட்டாபேஸைச் சேர்க்கவே மறந்திருந்தால் அது சொல்லாது. மாதம் ஒரு முறை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள்.