லே போகும் வாரம்: ஆப் சொல்லும் மழையை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் இரண்டு பைக்கில் செப்டம்பர் 24 அன்று மணாலியிலிருந்து லடாக்கின் லேவுக்குக் கிளம்புகிறோம். லேவுக்கு ஒரு ஆப் 'மழை 60 சதவீதம்' என்கிறது, இன்னொரு ஆப் நல்ல வெயில் என்கிறது. எதை நம்புவது? தேதியை மாற்ற வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: தேதியை மாற்ற வேண்டாம். ஆனால் நீங்கள் பார்க்கும் இடத்தை மாற்றுங்கள். லேவில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப் போவது வழியில் இருக்கும் கணவாய்கள்தான்.

முதலில் அந்த 60 சதவீதம். அது வாய்ப்பைச் சொல்லும் எண், அளவைச் சொல்வதல்ல. அதே பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 0.5 மி.மீ. என்றிருந்தால் நாலு தூறல், அவ்வளவுதான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. லேவில் ஆண்டு முழுவதும் சேர்த்தே 100 மி.மீ. அளவில்தான். தெற்கே நிற்கும் இமயத் தொடர்கள் பருவமழையின் ஈரத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. அதனால் அங்கே 10 மி.மீ. என்று கணிப்பு வந்தால் அதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். லடாக்கில் பழைய வீடுகளின் கூரை மண் கூரை, அது பெருமழைக்குக் கட்டியதல்ல.

இரண்டு ஆப்களும் ஏன் முரண்படுகின்றன? வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. நல்ல மாதிரியிலேயே ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அகலம். சிந்து நதிப் பள்ளத்தாக்கும் அதன் மேல் நிற்கும் மலையும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடும். மலையில் பெய்யும் மழை ஊரில் பெய்வதாக ஒரு ஆப் காட்டும், இன்னொன்று காட்டாது. பிற்பகலில் சூடேறி ஆங்காங்கே திரளும் மேகம் எந்த மலைமேல் கொட்டும் என்பதை ஐந்து நாள் முன்பாக யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்து மனம் கலங்காதீர்கள்.

முன்கூட்டியே சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் உங்களுக்கு முக்கியம்: மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, மேலடுக்குக் காற்றோடு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் அமைப்பு இது. இதன் உண்மையான காலம் குளிர்காலம். ஆனால் செப்டம்பர் பிற்பகுதியில் முதல் சில இடையூறுகள் எட்டிப் பார்க்கும். பருவமழை ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் சராசரித் தேதி செப்டம்பர் 17. அந்த விலகல் தாமதமாகி, வட இந்தியாவில் ஈரம் மிச்சமிருக்கும் நேரத்தில் ஒரு வலுவான இடையூறு வந்து சேர்ந்தால் நிலைமை வேறு. 2018 செப்டம்பர் 22 முதல் 24 வரை அதுதான் நடந்தது. மணாலியைத் தாண்டியதும் உங்கள் வழியில் வரும் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் பருவம் தப்பிக் கொட்டிய பனியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். பலரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. நீங்கள் கிளம்பும் அதே வாரம்! பயமுறுத்தச் சொல்லவில்லை. எல்லா ஆண்டும் அப்படி ஆவதில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் இந்த வாரம் லடாக்கின் மிக அழகான வாரம்: தெளிந்த வானம், மஞ்சளாகத் தொடங்கும் பாப்லார் மரங்கள்.

இடையூறு பெரிய அமைப்பு என்பதால் நான்கைந்து நாள் முன்பே கணிப்பில் தெரியும். ஆகவே செப்டம்பர் 20 முதல் தினமும் ஒருமுறை இந்திய வானிலைத் துறையின் லே, சிம்லா மையங்களின் அறிக்கையைப் பாருங்கள். 'மேற்கத்திய இடையூறு' என்ற சொல்லும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால் உஷாராகிவிடுங்கள்.

இனி ஒரு சின்ன மனக்கணக்கு. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். லே 3,500 மீட்டர். வழியில் வரும் கணவாய்களில் தங்லங் லா 5,328, பாரலாச்சா சுமார் 4,890. இந்த வாரத்தில் வழக்கமாக லேவில் பகல் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்போது தங்லங் லாவில் நண்பகல் 6 டிகிரி, சாலை உலர்ந்திருக்கும், நிம்மதியாகப் போகலாம். ஆனால் மேகம் மூடி, லேவில் பகலிலேயே 8 டிகிரிதான் என்று கணிப்பு வந்தால், ஏறத்தாழ 4,700 மீட்டரிலேயே பூஜ்யம் வந்துவிடும். லேவில் தூறல், இரண்டு கணவாயிலும் பனி. ஆப்பில் பார்க்க வேண்டிய எண் இதுதான்: மழை நாளில் லேவின் பகல் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகிறதா?

வெயில் நாளிலும் ஒன்றை மறக்காதீர்கள். இரவில் கணவாய்களில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். சாலையில் வழியும் ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் உறைந்து, ஈரமான தார்ச் சாலை மாதிரியே தெரியும். பைக்குக்கு இதைவிட ஆபத்தானது இல்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு கணவாயைத் தொடுங்கள், பிற்பகல் காற்று வலுக்கும் முன் இறங்கிவிடுங்கள். பூஜ்ய டிகிரியில் 40 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் உடலுக்கு மைனஸ் 7 போல உறைக்கும். அதனால் கம்பளியும் வேண்டும், அதன் மேல் காற்றும் நீரும் புகாத மேலாடையும் வேண்டும். கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மணாலியில் மழை பெய்தால் உடனே சோர்ந்துவிடாதீர்கள். மணாலியைத் தாண்டி மலையைக் குடைந்து போகும் 9 கி.மீ. நீள அடல் சுரங்கத்துக்குள் நனைந்தபடி நுழைந்து மறுமுனையில் வெயிலில் வெளிவருவது சகஜம். ஆனால் மணாலிக்கு வரும் வழியில் நிலச்சரிவு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் நான் இரண்டு மாற்றம் சொல்வேன். ஒன்று, பாரலாச்சாவைத் தாண்டி வரும் சர்ச்சுவில் முதல் இரவு வேண்டாம். அது 4,290 மீட்டர், கொடைக்கானலைப் போல இரண்டு மடங்கு உயரம். நேராக அங்கே போய்ப் படுத்தால் தலைவலியும் குமட்டலும் தூங்க விடாது. பாரலாச்சாவுக்கு முன்பே, 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் தங்குங்கள். இன்னொன்று, கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு, திரும்பும்போது கார்கில், ஸ்ரீநகர் வழியாக வாருங்கள். அந்தப் பாதையின் உயரமான இடமான ஃபோட்டு லா 4,108 மீட்டர்தான். செப்டம்பர் பனி அதை அடைப்பது அரிது.

ஜிஸ்பா தாண்டினால் ஃபோன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் கடைசி அறிக்கையை ஜிஸ்பாவுக்கு முன்பே வரும் கேலாங் ஊரில் பார்த்துவிடுங்கள், எதிரே வரும் லாரி ஓட்டுநர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாரலாச்சாவில் பனி என்றால் தார்ச்சா சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். வாதாடாமல் ஜிஸ்பாவுக்கே திரும்பி விடுங்கள். செப்டம்பர் பனி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் உருகி, சாலை திறந்துவிடும். அந்த உபரி நாட்கள் இதற்காகத்தான்.