கேள்வி பதில்: உப்பு லோடு வண்டிக்கு அலுமினிய டூல் பாக்ஸ்

கேள்வி: சார் வணக்கம், நான் நாமக்கல். பத்து சக்கர வண்டி ஒண்ணு ஓடுது, பெரும்பாலும் தூத்துக்குடி உப்பு லோடுதான். இரும்பு டூல் பாக்ஸ் அடியில ஓட்டையாகி ஸ்பேனரே ரோட்டுல விழுந்துடுச்சு, அதனால இப்ப அலுமினியத்துல டூல் பாக்ஸ், ஏறுற படி, சைடு கார்டு எல்லாம் தனியா செஞ்சு வாங்கிட்டேன். அப்படியே மாட்டு, அலுமினியம் துருப்பிடிக்காதுங்கறார் டிரைவர். மச்சான் ஆனடைசிங் பண்ணச் சொல்றார், பட்டறைக்காரர் பவுடர் கோட்டிங்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். யார் சொல்றதைக் கேக்கறது?

பதில்: டிரைவர் சொல்றது உப்பு ஏத்தாத வண்டிக்கு சரி. காத்து பட்டதும் அலுமினியம் தானே மேல ஒரு மெல்லிசான ஆக்சைடு தோல் போட்டுக்கும், ஆனா உப்புல இருக்கிற குளோரைடு அந்தத் தோலை அங்கங்க ஓட்டை போட்டுடும், வெள்ளையா மாவு பூத்த மாதிரி வரும், தேச்சு விட்டுப் பாத்தா கீழ ஊசி குத்தின மாதிரி குழி குழியா இருக்கும். உங்க வண்டிக்கு சும்மா விடாதீங்க. ஆனடைசிங்னா ஆசிட் தொட்டியில கரண்ட் விட்டு அந்த ஆக்சைடு தோலையே கனமாக்கறது, பவுடர் கோட்டிங்னா பெயிண்ட் பவுடரை அடிச்சு ஓவன்ல சுட்டு உருக்கி ஒட்ட வைக்கறது.

டூல் பாக்ஸுக்கு பட்டறைக்காரர் சொல்றதுதான் என் ஓட்டும். அது வெல்டிங் பண்ணின பெட்டி, ஆனடைசிங்னா ஆசிட் தொட்டியில முக்கணும், மடிப்புலயும் இடுக்குலயும் ஆசிட் தங்கிடுச்சுன்னா அப்புறம் மெதுவா கசிஞ்சு வந்து கறையாக்கும், வெல்டிங் அடிச்ச இடமும் தனியா கருத்துத் தெரியும். பவுடர்ல பாலியஸ்டர் கேளுங்க, எபாக்ஸி வேண்டாம், அது வெயில்ல சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். 60லிருந்து 80 மைக்ரான் கனம் போதும். ஆனா பவுடரை விட அதுக்கு முன்னாடி பண்ற கழுவல்தான் முக்கியம், நேர்ல போய் நில்லுங்க, எண்ணெய் எடுத்து முடிச்சதும் மேல தண்ணி ஊத்தச் சொல்லுங்க. தண்ணி ஒரே படலமா பரவினா சரி, முத்து முத்தா நின்னா இன்னும் பிசுக்கு இருக்கு, மறுபடி கழுவணும். அதுக்கப்புறம் பவுடர் நல்லாப் பிடிக்கறதுக்கு கெமிக்கல் கோட்டிங் ஒண்ணு குடுத்துட்டுதான் பவுடர் அடிக்கணும். இதை விட்டுட்டா ஒரு கல்லு பட்ட இடத்துல இருந்து பெயிண்ட்டுக்கு அடியில புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடா கிளம்பும்.

படிக்கு மட்டும் மச்சானைக் கேளுங்க. தினம் செருப்புக் கால் தேயுற இடத்துல பவுடர் நிக்காது, அங்க ஹார்டு ஆனடைசிங்தான் தாங்கும், அதாவது தோல் இன்னும் கனமா, கெட்டியா வர்ற வகை. பண்ணிட்டோம்னு சும்மா சொல்றாங்களான்னு சந்தேகமா இருந்தா மல்டிமீட்டரை கன்டினியூட்டில போட்டு ரெண்டு குச்சியையும் மேல லேசா வைங்க, பீப் அடிச்சா பண்ணலைன்னு அர்த்தம், ஆனடைசிங் தோல் கரண்டைக் கடத்தாது.

இதெல்லாம் பண்ணிட்டு சாதா இரும்பு போல்ட் போட்டு சேஸில இறுக்கினா அத்தனையும் வீண், உப்புத்தண்ணி நடுவுல நின்னா இரும்பு தப்பிச்சுக்கும் அலுமினியம்தான் அரிக்கும். நைலான் வாஷர், ரப்பர் ஷீட் போட்டு ரெண்டும் ஒட்டாம மாட்டுங்க. அப்புறம் வாட்டர் வாஷ்ல காஸ்டிக் சோடா கலந்த தண்ணி அடிக்க விடாதீங்க, அது ஆனடைசிங்கையே தின்னுடும்.

கேள்வி: பழைய அலுமினிய டீசல் டேங்க்கையும் சேர்த்து பவுடர் பண்ணிடலாமா சார், கலர் ஒண்ணா இருக்குமே?

பதில்: வேண்டவே வேண்டாங்க. பவுடர் ஓவன் 180லிருந்து 200 டிகிரி ஓடும், டீசல் இருந்த டேங்க்கை எவ்வளவு கழுவினாலும் உள்ள ஆவி இருக்கும், வெடிச்சா ஓவனோட போயிடும். டேங்க்கை பஃபிங் போட்டு பளபளன்னு வச்சுக்குங்க, மங்கினா திரும்ப பஃபிங். அது மேல கிளியர் லாக்கர், அதான் நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒண்ணு, அடிக்கறேன்னு யாராவது வந்தா திருப்பி அனுப்பிடுங்க, வழவழப்பா இருக்கிற இடத்துல அது பிடிக்காம தோல் தோலா உரியும், அதைச் சுரண்டி எடுக்கற கூலிக்கு நாலு தடவை பஃபிங்கே பண்ணிடலாம்.