நோர்ட்காப் வரை பைக்கில்: கேட்டவையும் என் பதில்களும்

நோர்வேயின் வடகோடி என்று பெயர் பெற்ற நோர்ட்காப்புக்கு மூன்று தடவை பைக்கில் போய் வந்தவன் என்று தெரிந்ததில் இருந்து ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே.

அண்ணா, ஜெர்மனியில் இருந்து கிளம்புகிறேன், இரண்டு வாரம் லீவு. நோர்ட்காப், லொஃபோட்டன் தீவுகள் இரண்டையும் முடிக்கலாமா?

முடிக்கலாம் தம்பி, ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் தடவை நான் செய்த தப்பும் இதுதான். மேப்பில் கிலோமீட்டரைக் கூட்டி நாளால் வகுத்தேன், நான்காம் நாளே கணக்கு உதைத்தது. வட நோர்வேயில் ஊருக்கு வெளியே பெரும்பாலும் 80தான் வேக வரம்பு, சாலையோ ஒவ்வொரு ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த கடல்) உள்முனை வரைக்கும் போய்த் திரும்பி வரும், எதிர்க்கரையில் தெரிகிற வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். நாளுக்கு 300, மிஞ்சிப்போனால் 350 கி.மீ. பின்லாந்துக் காட்டுச் சாலையில் மட்டும் 450 தாங்கும்.

மூன்று வாரம் கேட்டு வாங்குங்கள். ஜெர்மனியின் ட்ராவமுண்ட துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சுமார் முப்பது மணி நேரத்தில் ஹெல்சிங்கி, அதற்குள் தூங்கித் தெளிந்துவிடலாம். அங்கிருந்து ரொவானியெமி, இனாரி, கராஷோக் வழியாக நோர்ட்காப். இறங்கும்போது ஆல்டா, ட்ரொம்ஸோ, சென்யா தீவு, கிரில்லஃபியோர்டில் இருந்து ஆண்டனஸுக்குக் கோடையில் மட்டும் ஓடுகிற படகு, பிறகு லொஃபோட்டன். மொஸ்கெனஸில் இருந்து பூடோவுக்குக் கடல் தாண்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் ட்ரொன்ஹெய்ம், ஒஸ்லோ, கீல் கப்பல். சாலையில் மட்டும் ஏறக்குறைய 4,000 கி.மீ. நடுவில் இரண்டு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள், மழை அதை எடுத்துக்கொள்ளும்.

எந்த மாதம் நல்லது?

நள்ளிரவுச் சூரியன் வேண்டுமென்றால் ஜூன், ஜூலை. நோர்ட்காப்பில் மே நடுவில் இருந்து ஜூலை கடைசி வரை சூரியன் அடைவதே இல்லை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சமாக இருப்பதால் 'இன்னும் ஒரு ஐம்பது கிலோமீட்டர்' என்று ஓட்டிக்கொண்டே போவோம், உடம்பு களைத்திருப்பது மண்டைக்கு எட்டாது. கண்ணை மறைத்துக் கட்ட ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள், கூடாரத்துக்குள் இருட்டே கிடையாது. என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி. கொசு குறைந்திருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், இரவும் திரும்பியிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வடதுருவ ஒளியும் தெரியும். செப்டம்பர் நடுவைத் தாண்டினால் காலையில் சாலையில் உறைபனி இருக்கலாம்.

கோடைதானே, குளிர் அவ்வளவு இருக்குமா?

வெப்பமானி 8 டிகிரி காட்டும், மழை தூறும், கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும், நீங்கள் 80இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதே இனாரியில் முந்தின நாள் 25 டிகிரியில் வியர்த்திருக்கும். ஒரே தடிமனான ஜாக்கெட்டை நம்பாதீர்கள். உள்ளே கம்பளி பனியன், மேலே இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேல் முழு மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காகப் போட்டால் கழற்றி மாட்டலாம். சூடாகும் கைப்பிடி இருந்தால் அதைவிட நல்ல செலவு இல்லை.

கையுறை பற்றி ஒன்று. என்னுடையது தோல் கையுறை, நீர் புகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். லாக்செல்வ் தாண்டி இரண்டு மணி நேர மழையில் ஊறிப்போனது, கழற்றினால் விரலெல்லாம் சாயம் இறங்கி நீலக்கறுப்பு. வழியில் ஒரு கடையில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, உள்ளதிலேயே பெரிய அளவு வாங்கி மேலே மாட்டிக்கொண்டேன். மஞ்சள் கையோடு நோர்ட்காப்பில் நிற்கிற படம் இன்னும் வீட்டில் சிரிப்பு மூட்டுகிறது. இப்போது கிளம்பும்போதே ஒரு ஜோடி எடுத்து வைத்துவிடுவேன்.

ரெயின்டீர் மான்கள் உண்மையிலேயே சாலைக்கு வருமா?

வரும் என்ன, சாலையில்தான் இருக்கும். காட்டுக்குள் கொசுத் தொல்லை, சாலையில் காற்றடிக்கும், அதனால் நடுக்கோட்டில் நின்று அசை போடும். ஹார்ன் அடித்தால் ஒதுங்காது, உங்களுக்கு முன்னாலேயே அரை கிலோமீட்டர் ஓடும். ஒன்று கடந்துவிட்டது என்று ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள், பின்னால் நாலைந்து வரும். வட ஸ்வீடனில் சாலையோரக் கம்பத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால் பக்கத்தில் மந்தை இருக்கிறது என்று அர்த்தம். குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மானுக்கும் சொந்தக்காரர் உண்டு, மோதிவிட்டால் கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும். தெற்கே இறங்க இறங்க மூஸ் என்ற பெரிய மானின் பயம் கூடும், அது பைக்கை விட உயரம், அந்திக்குப் பிறகு ஓட்டாதீர்கள்.

என்னிடம் 400 சிசி பைக்தான் இருக்கிறது. பெரிய அட்வென்ச்சர் பைக் வாங்க வேண்டுமா?

வேண்டாம். நோர்ட்காப் வரைக்கும் தார்ச் சாலை, 80இல் போக 400 தாராளம். பணத்தைப் புது டயரில் போடுங்கள். கோடையில்தான் அவர்கள் சாலை போடுவார்கள், சில இடத்தில் பல கிலோமீட்டருக்குத் தாரைப் பெயர்த்துச் சரளை கொட்டியிருப்பார்கள், புழுதி அடங்க உப்புக் கரைசல் தெளித்திருந்தால் மழையில் களி மாதிரி வழுக்கும். பிரேக்கைத் தொடாமல் நேராகப் போங்கள். அன்று மாலையே பைக்கைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

நோர்ட்காப் இருப்பது மாகெரோயா என்ற தீவில். அங்கே போவது 1999இல் திறந்த சுரங்கம் வழியாக, கிட்டத்தட்ட 7 கி.மீ. நீளம், கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே வரை இறங்கும். இறக்கம் செங்குத்து, கியரைக் குறைத்து இஞ்சின் பிரேக்கில் போங்கள். முக்கியமாக, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நுழையாதீர்கள், உள்ளே போனதும் சில நொடிக்கு ஒன்றுமே தெரியாது. முன்பு கட்டணம் இருந்தது, 2012இல் எடுத்துவிட்டார்கள்.

பெட்ரோல்?

பாதி டேங்க் ஆனதும் கிடைத்த இடத்தில் நிரப்புங்கள். பல பங்க்குகளில் ஆளே இருக்க மாட்டார்கள், கார்டும் பின் நம்பரும்தான். ஒரே கார்டை நம்பி வராதீர்கள்.

கூடாரம் எங்கும் போடலாமா?

நோர்வேயில் திறந்தவெளியில் வீடுகளில் இருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவு வரை போடலாம். லொஃபோட்டனில் தடைப் பலகைகள் நிறைய, பார்த்துப் போடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை முகாம்களில் இருக்கிற ஹுட்டே என்ற மரக்குடிலில் தங்கிவிடுங்கள், ஹீட்டர் இருக்கும், பூட்ஸ் காயும். தலைக்கு மாட்டும் கொசுவலை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? சோறில்லாமல் எனக்கு ஆகாது.

சின்ன அடுப்பு, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், டின் மீன். குடில் முகாமில் பொதுச் சமையலறை இருக்கும், ரசம் கொதித்தால் பக்கத்து டச்சுக்காரர் எட்டிப் பார்ப்பார். நோர்ட்காப் இருக்கிற ஃபின்மார்க் மாவட்டத்தில் நம் ஆட்களைக் கண்டால் ஆச்சரியப்படாதீர்கள். 1980களில் இருந்தே ஈழத்தமிழர்கள் அங்குள்ள மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்திருக்கிறார்கள். பலர் பிறகு ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள். போன தடவை பெட்ரோல் போடும்போது ஒரு ஐயா நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, 'உந்தக் குளிருக்குள்ள மோட்டார்சைக்கிளிலயோ வந்தனீங்கள்?' என்றார். தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை.

கடைசியில் நோர்ட்காப்பில் பார்க்க என்னதான் இருக்கிறது?

307 மீட்டர் உயரப் பாறை, பூமி உருண்டை மாதிரி ஒரு இரும்புச் சின்னம், பரிசுப்பொருள் கடை, பல நாள் மூடுபனி. உண்மையில் பக்கத்தில் இருக்கும் க்னிவ்ஷெலோடன் முனைதான் இன்னும் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அங்கே போய் வர 18 கி.மீ. நடக்க வேண்டும். மூன்று தடவையில் எனக்கு ஒரே ஒருமுறைதான் சூரியன் தெரிந்தது. மற்ற இரண்டு முறையும் உருண்டையே பத்தடி தூரத்தில்தான் தெரிந்தது. அடுத்த வருஷம் நாலாவது தடவைக்குக் கப்பல் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.