கருக்கலைப்பை ஆதரித்துக்கொண்டே தூக்கு தண்டனையை எதிர்ப்பது முரண்பாடு இல்லையா?

கேட்டவரின் வாதம் இது: கொலைகாரன் தெரிந்தே செய்தான், அவனைக் காப்பாற்றுகிறீர்கள், ஒரு பாவமும் அறியாத கருவைக் கலைக்கலாம் என்கிறீர்கள்.

கரு உயிரே இல்லை என்று சொல்லி நான் நழுவப் போவதில்லை. ஆனால் பொறுப்பு என்று வந்துவிட்டால், உயிரை எடுக்க முடிவு செய்கிறவருக்கும் அது உண்டே? நான் பார்ப்பது அதைத்தான்.

பேரறிவாளனை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அவர் மீதிருந்த முக்கியக் குற்றச்சாட்டு, வெடிகுண்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. 1999-இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. 2011 செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத் தடையால்தான் நின்றது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013-இல்தான் வாய் திறந்தார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டாராம். 2014-இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது, 2022 மே 18 அன்று விடுதலை. (உச்ச நீதிமன்றம் அவரை நிரபராதி என்று சொல்லவில்லை, தண்டனையைக் குறைத்ததும் கருணை மனுவைக் கிடப்பில் போட்ட தாமதத்துக்காகத்தான்.) 2011-லேயே தூக்கிலிட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்? நீதிபதி சாட்சியத்தைக் காட்டுவார், ஜனாதிபதி அமைச்சரவையின் ஆலோசனையை, சிறை அதிகாரி மேலிடத்து உத்தரவை. அத்தனை பேர் சேர்ந்து எடுத்த உயிருக்குப் பொறுப்பாளி என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

கருக்கலைப்பில் இந்தக் கைமாற்றல் கிடையாது. முடிவும் அவளுடையது, அதன் பாரமும் அவளுடையது. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பியவளின் சம்மதம் மட்டும் போதும். இருந்தாலும் என் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள். போட மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால், பிள்ளையை அந்த ரிசப்ஷனிலா வளர்ப்பார்கள்?

எனக்கு இடிக்கிற இடமும் உண்டு: பெண் சிசு என்று தெரிந்து கலைப்பது. மாமியார் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவை அவளுடைய முடிவு என்று என்னால் கணக்கில் வைக்க முடியவில்லை. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது: மாறாக நிரூபிக்கும் வரை, கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். ஸ்கேன் பார்த்துச் சொன்ன டாக்டருக்கு முதல் தடவையே 3 ஆண்டு வரை சிறை. அங்கே மட்டும் எனக்கும் கொஞ்சம் கடுமை பிடிக்கும்.