தமிழ் வகுப்பு நின்றுவிட்டது, அமைப்பை எப்படிக் கலைப்பது? கலிபோர்னியா நண்பர்களுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. லாப நோக்கற்ற கார்ப்பரேஷனாகப் பதிந்திருந்தோம். அப்படியே விட்டுவிட்டால் என்ன சார்?

பதில்: விட்டுவிடாதீர்கள். வகுப்பு நின்றாலும் காகிதத்தில் அமைப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். தொடர்ந்து 3 வருடம் ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க மத்திய வரித்துறை) ஆண்டுக் கணக்குத் தராவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும். அதற்கு அப்புறம் கலைப்பது இன்னும் இழுபறி.

கேள்வி: வங்கியில் 6,400 டாலர் இருக்கிறது. ஒரு புரொஜெக்டர், 30 மடக்கு நாற்காலி. ஆரம்பத்தில் கைக்காசு போட்ட ஐந்து பேரும் பிரித்துக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: கூடவே கூடாது தம்பி. கடனாகக் கொடுத்ததற்கு அன்றே எழுத்து இருந்தால் அதைத் திருப்பிக்கொள்ளலாம். மற்றபடி நீங்கள் போட்டதும் நன்கொடைதான். பொங்கல் விழா உண்டியலில் 5 டாலர் போட்டவர், பிள்ளைகள் தமிழ் படிக்கட்டும் என்றுதானே போட்டார்? அந்தப் பணம் அந்த வேலைக்கே போக வேண்டும். கடன்களை அடைத்த பிறகு மிச்சத்தை உங்களைப் போன்ற இன்னொரு 501(சி)(3) அமைப்புக்கு, அதாவது வரிவிலக்கு பெற்ற அறப்பணி அமைப்புக்கு, கொடுங்கள். உங்கள் பதிவு ஆவணத்தில் கலைப்பு பற்றி ஒரு பத்தி இருக்கும், முதலில் அதைப் படித்துவிடுங்கள். நாற்காலியும் சொத்துதான்: இன்றைய மதிப்பு, கொடுத்த தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் வேண்டும்.

கேள்வி: எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது?

பதில்: இயக்குநர் குழு தீர்மானம் முதலில். வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் இருந்தால் அவர்கள் ஒப்புதலும் சேர வேண்டும். அப்புறம் அறப்பணி அமைப்புகளைக் கண்காணிக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு, சொத்து யாருக்குப் போகிறது என்று எழுதி, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். கலைப்புச் சான்றிதழோடு அந்தக் கடிதத்தையும் இணைத்துத்தான் கார்ப்பரேஷன்களைப் பதியும் மாநில அலுவலகமான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் தர முடியும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி: ஐஆர்எஸ்ஸுக்கு?

பதில்: 990-என் (சிறு அமைப்புகள் இணையத்தில் தரும் சுருக்கமான ஆண்டுக் கணக்கு) தருபவர்கள் அதிலேயே அமைப்பு முடிந்தது என்று குறித்தால் போதும். 990 என்ற முழுப் படிவம் தருபவர்கள், சொத்து யாருக்குப் போனது என்று சொல்லும் ஷெட்யூல் என் இணைப்பையும் சேர்க்க வேண்டும். அமைப்பு முடிந்த பின் வரும் 5-ஆவது மாதம் 15-ஆம் தேதி கெடு. மாநில வரித்துறைக்கும் கடைசிக் கணக்கு உண்டு.

கேள்வி: வங்கிக் கணக்கை இப்போதே மூடிவிடலாமா?

பதில்: அது கடைசி வேலை அக்கா. நான் பொருளாளராக இருந்த ஒரு சிறு அமைப்பில் அவசரப்பட்டு முதலிலேயே மூடிவிட்டோம். இரண்டு வாரத்தில் மண்டப முன்பணம் 250 டாலர், அமைப்பின் பெயரில் காசோலையாக வந்தது. போட கணக்கு இல்லை. மிச்சப் பணம் வாங்கிய அமைப்பின் பெயருக்கு அதை மாற்றி வாங்க மூன்று மாதம் அலைந்தேன்.